அறுநூற்றுப் பதினோரு பச்சை விளக்குகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் 'ஒலிப்பதிவு' என்று சொல்லிவைப்பேன். கல்யாண வீடியோ கம்பெனி என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. சாகக் கிடப்பவர்களின் வீட்டாரை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, மைக்கை முன்னால் நகர்த்தி, ஒரே ஒரு கேள்வியைப் பதிவு செய்வதுதான் என் வேலை என்று பந்தியில் சொன்னால் பக்கத்து இலைக்காரருக்குச் சோறு இறங்காது.

என் பெயர் துளசிமணி. கோயம்புத்தூரிலிருந்து ஆனைக்கட்டி போகும் சாலையில் இருக்கும் கரையகம் என்ற மருத்துவமனையில் ஏழு வருடமாக இருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை டாக்டர் பிச்சாண்டி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே மாதிரிதான் விளக்குவார். மேசைமேல் நீளமான ஒரு காகிதத் துண்டு இருக்கும்.

"இதுதான் பேஷண்டோட கடைசி ரெண்டு நிமிஷம்னு வெச்சுக்குங்க," என்று அதைப் பாதியாகக் கிழிப்பார். "முதல் நிமிஷத்துல அவருக்கு ஒரு முழு சாயங்காலம் கிடைக்கும். அவரே தேர்ந்தெடுத்த சாயங்காலம். பிடிச்ச இடம், பிடிச்ச ஜனங்க, வலி கிடையாது. மிச்சம் ஒரு நிமிஷம் இருக்கு. அதுல பாதிக்குள்ள இன்னொரு சாயங்காலம். வேகமா ஓடறது அவர் படுத்திருக்கற பெட்டிதான், அவருக்கு அதுவும் முழு நீளம். மிச்சம் அரை நிமிஷம். அதுல பாதியில இன்னொண்ணு." கிழித்துக்கொண்டே போவார். துண்டு நகத்தளவு ஆனதும் நிமிர்வார். "மிச்சத்துல பாதியை மட்டுமே எடுத்தா, மிச்சம் எப்பவாவது தீருமா?"

"தீராதுங்க," என்பார்கள்.

"அவ்வளவுதான். நமக்கு ரெண்டு நிமிஷம். அவருக்கு முடிவே கிடையாது."

யாராவது ஒருவர், பெரும்பாலும் மருமகள்தான், சலித்துப்போனால் என்ன செய்வது என்று கேட்பார். அதற்கும் பதில் இருந்தது. ஒவ்வொரு மாலை முடியும்போதும் வீட்டார் குரலில் ஒரு கேள்வி வரும். இருக்கிறீர்களா, கிளம்புகிறீர்களா என்று. இருக்கிறேன் என்றால் பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போதும் என்று ஒரே ஒரு முறை சொன்னால் சிவப்பு. பெட்டி நின்றுவிடும், அவர் தூங்குவதுபோலப் போய்விடுவார்.

"பழசெல்லாம் ஞாபகம் இருக்குமுங்களா?"

"இருக்கும். ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் ஞாபகத்துல ஒரு ரூம் கூட்டிக் கட்டறோம். மறந்துட்டா ஒரே சாயங்காலம் திரும்பத் திரும்ப வந்த மாதிரிதானே? அது ஏமாத்து வேலை. நாங்க ஏமாத்தறதில்லை."

உண்மைதான். யாரையும் ஏமாற்றவில்லை.

ஆரம்பத்தில் சோதனைக்கு மூன்று பேரை அனுமதித்தபோது ஒரு நர்ஸின் குரலில் கேள்வியைப் பதிவு செய்திருந்தார்கள். மூன்று பேரும் முதல் மாலையிலேயே கிளம்பிவிட்டார்கள். யாரோ வெளியே போகச் சொன்னதுபோல இருந்திருக்கும் என்று டாக்டருக்குப் பட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டார் குரல் என்று முடிவாகி, என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் கணக்கில் பி.எஸ்ஸி. பத்து வருடம் டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிப்போனவள். மைக்கும் கம்ப்யூட்டரும் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள். கணக்கை யாரும் கேட்கவில்லை.

போன ஆடியில் என் வீட்டுக்காரருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. தாமோதரன். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஐம்பத்தொரு வயது. மூன்று மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். கரையகத்தில் வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு இடம் உண்டு. தாமோதரன் யோசிக்கவே இல்லை. பொள்ளாச்சியில் என் தங்கச்சி கல்யாணம் நடந்த மண்டபத்து மாலையைக் கேட்டார். அன்றைக்குக் கரண்ட் போய், மழை வந்து, வந்த ஜனமெல்லாம் மண்டபத்து முன்வாசலில் நாற்காலி போட்டுக் கதை பேசிக்கொண்டு கிடந்தது. அந்த மாலைக்கு எங்கள் நேத்ரா மட்டும் இன்றைய பதினேழு வயதில் வர வேண்டும் என்றார். வலி ஊசிக்கு நடுவே அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் பழையபடி இருந்தது.

செவ்வாய்க்கிழமை நேத்ராவின் குரலை நானே பதிவு செய்தேன். "அப்பா, அதுக்குள்ள என்னங்கப்பா அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் இருங்க," என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. நல்ல பதிவு என்று குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை விளம்பரப் பலகையின் மாதிரி என் மேசைக்கு வந்தது. எழுத்துப் பிழை பார்ப்பது என் தலையில்தான். 'இதுவரை எங்களை நம்பியவர்கள்: 611. போதும் என்றவர்கள்: 0.' சோதனைக்கு வந்த மூவர் இந்தக் கணக்கில் இல்லை. பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பூஜ்யத்தை விட்டுக் கண் நகரவில்லை. டியூஷனில் ஒரு பையனின் விடை பின்னமே இல்லாமல் முழு நூறு என்று வந்தால் எனக்கு எப்படிச் சந்தேகம் வருமோ அப்படி வந்தது.

மாதிரியை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், ஒரு தாயக்கட்டை. லட்சம் பக்கம் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரே ஒரு பக்கத்துல 'போதும்'னு எழுதியிருக்குது. உருட்டிக்கிட்டே இருந்தா அந்தப் பக்கம் விழுகுமுங்களா?"

"என்னிக்காவது விழும்."

"கோடிப் பக்கமா இருந்தா?"

"அப்பவும் விழும். நேரமாகும்."

"அங்க நேரத்துக்கு என்னங்க பஞ்சம்?"

அவர் பேனாவை மூடினார்.

"அறுநூத்திப் பதினோரு பேருங்க சார். முடிவே இல்லாத சாயங்காலம். எவ்வளவு சந்தோஷமா இருந்தாலும் ஒரு நாள் ஒரு சலிப்பு, ஒரு கோவம், சும்மா ஒரு இதுக்காவது 'போதும்'னு ஒரு வார்த்தை வராதா? ஒரு தடவை வந்தாப் போதுமே. ஒருத்தர் வாயிலகூட வரலைன்னா என்ன அர்த்தம்? அவங்க கட்டையில அந்தப் பக்கமே இல்லைன்னு அர்த்தமுங்க."

"அவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னும் அர்த்தம் வரலாமே."

"சந்தோஷத்துக்கு அவ்வளவு பலம் இல்லைங்க சார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "கட்டையில அந்தப் பக்கத்தை யார் அழிச்சாங்கன்னு கண்டுபிடி," என்றார்.

அன்று மதியம் முழுக்கப் பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். பதிவறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். 'நீங்கள் இருக்கிறீர்களா, கிளம்புகிறீர்களா?' அதை அப்படியே படித்தால் போதும். ஆனால் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை. எப்படிப் படிப்பார்கள்? வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து 'கிளம்பறீங்களா' என்று நம்மில் யாராவது கேட்போமா? அவரே எழுந்தாலும், "அதுக்குள்ளயா? உக்காருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்," என்போம். அவரும் மரியாதைக்கு எழுந்து, சொன்ன மரியாதைக்கு மறுபடி உட்காருவார். அறுநூற்றுப் பதினோரு பதிவிலும் அதுதான் இருந்தது. இருங்கப்பா. இரேன் அக்கா. என்னம்மா அவசரம். எங்களை விட்டுட்டு எங்க போறீங்க.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த எந்த மனிதர் இதைக் கேட்டபின் போதும் என்பார்? உட்கார்ந்துவிடுவார். அடுத்த மாலையும் உட்காருவார். சலித்தாலும், வெறுத்தாலும், அந்த முன்வாசலும் அந்த முகங்களும் கண்ணுக்கே ஆகாமல் போனாலும், பெற்ற பிள்ளை குரல் உடைந்து இரு என்னும்போது உட்காருவார். அந்த உட்காருதல் முடியவே முடியாது.

எல்லாம் கேட்டு முடித்தபின் இருநூற்று நான்காவது பதிவைத் திரும்பப் போட்டேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடையது. அவர் மகன் ஒன்பது வருடமாக அப்பாவோடு பேசாதவர். முதல் முறை அட்டையில் இருந்ததைத்தான் தன் பாணியில், "இருக்கறயா, கெளம்பறயா?" என்று மொட்டையாகக் கேட்டிருந்தார். கீழே என் குறிப்பு: 'மறுபதிவு. பாசம் போதாது.' ஆறு முறை திரும்பச் சொல்லவைத்திருக்கிறேன். ஆறாவதில் அந்த ஆள் தேம்பிக்கொண்டே, "இருப்பா. நானும் வந்துடறேன்," என்கிறார். என் குரல் பின்னால் கேட்கிறது: "ரொம்ப நல்லா வந்துச்சுங்க."

அந்தக் கண்டக்டர் மகனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். கட்டையில் அந்தப் பக்கத்தை அழித்தது நான்தான். பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்களை வெளிய கொண்டுவர வழி இருக்குதுங்களா?"

"எங்கேர்ந்து கொண்டுவர்றது, துளசிமணி? ரெண்டு நிமிஷம் முடிஞ்சுபோச்சு. சிலருக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. சாம்பலைக்கூட ஆத்துல விட்டாச்சு."

"நமக்கு முடிஞ்சுபோச்சு. அவங்களுக்கு?"

அவர் கை மேசைமேலிருந்த காகிதத் துண்டை மூடிக்கொண்டது.

தாமோதரனுக்கு வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வார்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "மண்டபத்துல அந்தப் பலாச்சுளை வெச்சாங்களே, அதையும் போடச் சொன்னயா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்கு அந்த மாலை வேண்டும். அதிலிருந்து எழுந்து வர ஒரு வழியும் வேண்டும். விரட்டினால் முதல் மாலையோடு மனம் நொந்து போவார். இருக்கச் சொன்னால் ஒருநாளும் போக மாட்டார்.

விருந்தாளி யார் மனமும் நோகாமல் எப்போது எழுந்து போகிறார்? வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. தாம்பூலப் பை. அது கைக்கு வந்துவிட்டால் போதும். யாரும் போகச் சொல்ல வேண்டாம், யாரும் உத்தரவு கேட்க வேண்டாம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, வந்ததற்குச் சந்தோஷம், பார்த்துப் போங்கள் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது.

நேத்ரா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் அப்பாவப் போகச் சொல்லணுமா?"

"போகச் சொல்ல வேண்டாம் கண்ணு. பையைக் கையில குடு. அவரே போவாரு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்கம்மா. நீங்க வேணும்னா சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமாக் கிளம்பலாம் கிளம்பலாம்னு சொல்றேன். எந்த விசேஷத்துலயாவது எந்திரிச்சிருக்காரா? நீ குடுத்தாத்தான் வாங்குவாரு."

அவள் என்னை முறைத்தாள். அவளிடம் தாயக்கட்டைக் கணக்கைச் சொன்னேன். இருநூற்று நான்காவது பதிவைச் சொன்னேன். என் குறிப்பையும் மறைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் சொன்னதைப் போட்டிருந்தா அப்பா எப்பவுமே வெளிய வந்திருக்க மாட்டாரா?"

"மாட்டாரு, சாமி."

"நான் நல்லாத்தானுங்கம்மா சொன்னேன்," என்று சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் நல்லாத்தான் சொன்னாள். எல்லோரும் நல்லாத்தான் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பதிவறையில் உட்கார்ந்து, எதிரில் அப்பா நிற்பதாக நினைத்துக் கையை நீட்டிச் சொன்னாள்: "அப்பா, இந்தாங்க பை. எல்லாரும் நல்லபடியாச் சாப்பிட்டாச்சு. இருட்டறதுக்குள்ள கிளம்பறதுன்னா கிளம்புங்க, இருக்கறதுன்னா இருங்க. நாங்க பார்த்துக்கறோம்." எழுதிக்கொடுத்தது அவ்வளவுதான். மைக்கை அணைக்கப் போனேன். அவளாகவே, "ரோட்டுல பார்த்துப் போங்கப்பா," என்று சேர்த்தாள். குரல் உடையவில்லை. அதை வெட்டாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாமோதரனைப் பெட்டியில் படுக்கவைத்தார்கள். உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்து, "வரட்டுமா," என்றார். நேத்ராவின் தலையைத் தொட்டார். மூடி இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

முதல் நிமிடம். ஒரு மாலை முடிந்தது. பச்சை. பரவாயில்லை, முதல் மாலையில் யார் எழுந்திருப்பார்கள்? ஒன்றரை நிமிடம். பச்சை. ஒன்றே முக்கால். பச்சை. அதற்குப் பிறகு மாலைகள் என் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் எட்டாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. கடைசி வினாடி வந்தது. இன்னும் பச்சையாகவே இருந்தது. நேத்ராவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

இரண்டு நிமிடம் முடிந்தபோது விளக்கு சிவப்பாக இருந்தது.

எப்போது மாறியது என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வீட்டார் குரல் வந்தபிறகு கரையகத்தின் முதல் சிவப்பு. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பை கைக்குப் போய்விட்டது. மனிதர் எழுந்துவிட்டார்.

"எத்தனையாவது சாயங்காலத்துல கிளம்புனாருன்னு பார்க்கலாமுங்களா?" என்று நேத்ரா கேட்டாள்.

பச்சைக்குக் கணக்கு கிடையாது, சிவப்புக்கு உண்டு. பக்கத்துத் திரையில் எண் வரும் என்றார் டாக்டர். நாற்பதோ ஐம்பதோ இருக்கும் என்று நான் நினைத்தேன். பேச்சுப் பிரியர், ஆயிரம்கூட இருக்கலாம்.

திரையில் ஒரு 7 வந்தது. பிறகு 3. பிறகு 0. வரி நிறைந்தது. அடுத்த வரி தொடங்கியது. திரை நிறைந்து மேலே நகரத் தொடங்கியது.

"ஏதோ கோளாறு," என்றார் டாக்டர். பத்து நிமிடம் எதையெதையோ தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கோளாறு இல்லை. எண்தான். அவ்வளவு பெரிய எண்."

"முடியுமுங்களா?"

"முடியும். சிவப்பு எரிஞ்சிருக்கே. எவ்வளவு பெரிசா இருந்தாலும் முடிவு உள்ள எண்தான்."

தாமோதரனைச் சனிக்கிழமை காலை தகனம் செய்தோம். மதியம் திரும்பி வந்து பார்த்தபோது எண் ஓடிக்கொண்டிருந்தது. இரவு பகல் பாராமல் வினாடிக்கு நாற்பது வரி. ஒவ்வொரு புது இலக்கத்துக்கும் மொத்தம் பத்து மடங்காகும். உலகத்துக் கடற்கரை மணலையெல்லாம் எண்ணினாலும் முதல் வரியில் பாதி நிறையாது. இதுவும் முடிவில்லாததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அது உண்மை. நானே அதை டியூஷனில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்போது அந்த எண்ணுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

விளம்பரப் பலகை அச்சுக்குப் போகவில்லை. புதிதாக யாரையும் அனுமதிப்பதில்லை. அறுநூற்றுப் பதினோரு குடும்பங்களுக்கும் டாக்டர் கடிதம் எழுதிக் கட்டி வைத்திருக்கிறார், அனுப்பவில்லை. அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் கண்டக்டர் மகனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

நானும் நேத்ராவும் தினமும் வருகிறோம். அவள் பிளஸ் டூ புத்தகத்தைக் கொண்டுவந்து திரைக்கு எதிரில் உட்காருவாள். ஐந்தாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நான்தானே பையைக் குடுத்திருப்பேன்?"

"ஆமா கண்ணு."

"ஒவ்வொரு தடவையும் அப்பா வாங்காம, இன்னும் கொஞ்ச நேரம்னு உக்காந்திருப்பாரு."

"ம்."

"அங்க நல்லா இருந்ததால உக்காந்தாரா, இல்ல என்ன விட்டுட்டுப் போக மனசு வராம உக்காந்தாரா?"

கடைசியில் அவர் பையை வாங்கிக்கொண்டார், அது மட்டும் தெரியும் என்றேன். அவள் தலையாட்டினாள். திரும்பவும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இன்று ஒன்பதாம் நாள். காலையில் திரை ஒரு கணம் நின்றது. எழுந்துவிட்டேன். கம்பியில் ஏதோ தளர்ந்திருந்தது, டாக்டர் அழுத்தியதும் மறுபடி ஓடியது. நான் மூச்சு விட்டேன். நேத்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்த நிம்மதியைக் கண்டுவிட்டாளா என்று தெரியவில்லை. அவரை அங்கிருந்து எழுப்பத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அது முடிவுள்ள எண், ஒருநாள் நின்றுவிடும், கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது ஓடும்வரை அவர் இன்னும் கிளம்பாததுபோல இருக்கிறது. நேற்றிலிருந்து, அது நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.